அப்பா முகத்தைக் காட்டி மலைப்பூண்டு விற்கலாமா?

பூண்டுக்காட்டுப் பொண்ணு, பூம்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூம்பாறையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காடு. கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் போகிறவர்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்களே, அந்தப் படிப்படியான சரிவில் கீழ்க்கோடியில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு போகம் பூண்டு, இடையில் கேரட்டோ உருளையோ. பூண்டைப் பிடுங்கியதும் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, கீழே அடுப்புப் புகை படுகிற மாதிரி வைப்பார் அப்பா. விதைக்கு எடுத்தது போக மிச்சமெல்லாம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். அன்றைக்கு அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான் விலை.

நான் பி.காம் முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். துணைக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் பூண்டை நேராக வீடுகளுக்கு அனுப்பலாம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் 600 பேர், அதில் பாதி என் காலேஜ் தோழிகள். அப்புறம்தான் 4,999 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். "பொருளை யாரும் வாங்குவதில்லை, ஆளைத்தான் வாங்குகிறார்கள். நீங்கள்தான் பிராண்ட்" என்று முதல் நாளே சொன்னார்கள். தினமும் ஒரு ரீல், முதல் மூன்று விநாடிக்குள் ஆளை இழுக்க வேண்டும், முகம் கட்டாயம் தெரிய வேண்டும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. அப்பாவை எடுத்தேன். காலை ஆறரை மணிப் பனி, உல்லன் குல்லா, தோளில் பூண்டுக் கட்டு, மேல் படியில் இருந்து கீழ்ப் படிக்கு இறங்குகிறார், தூரத்தில் ஊர். ஒரு சோக வயலின் இசையும், வகுப்பில் கொடுத்த பட்டியலில் இருந்து பதினைந்து ஹேஷ்டேக்கும் சேர்த்துப் போட்டேன். 21 லட்சம் பேர் பார்த்தார்கள். பக்கத்தில் இப்போது 38,000 பேர்.

கணக்குப் படித்தவள் இல்லையா, கணக்குச் சொல்கிறேன். அந்த ரீலுக்குப் பிறகு ஏழு மாதத்தில் போன பார்சல் 43. திரும்ப இரண்டாவது முறை வாங்கியவர்கள் 9 பேர்.

வந்த தொல்லைகள் தனி. ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் இப்போது "அந்தத் தாத்தா காடு எது?" என்று கேட்டுக் கீழே இறங்குகிறார்கள். ஒரு பையன் ட்ரோன் விடுவதற்குப் பாத்தி நடுவில் ஏறி நின்றான், இரண்டு பாத்தி போயிற்று. இன்னொன்று, கீழே ஒரு ஊரில் பூண்டு விற்கிற ஒருவர் அந்த வீடியோவை எடுத்து, என் பக்கத்துப் பெயரை அழித்துவிட்டு, 'ஒரிஜினல் கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் வாங்கிய ஒரு அம்மா என்னைத் தேடிப்பிடித்து, "உங்கப்பா பூண்டு முளைவிட்டு வந்திருக்கு, வயசான மனுசன் இப்படி ஏமாத்தலாமா?" என்று கேட்டார். நாங்கள் அனுப்பவே இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. வீடியோவில் இருப்பது அவர்தானே!

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முப்பது வருடமாக நாலரை மணிக்குப் போகிறவர். நான் போனைத் தூக்கினால் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல, வேலையப் பாரு" என்கிறார்.

அப்பா முகத்தை வைத்தே தொடரலாமா, விட்டுவிடலாமா? தினமும் ரீல் போட்டே ஆகவேண்டுமா? போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை, நேற்று வெறும் பனியைப் போட்டேன்.

---

ரீச் ராசா, சென்னை:

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் உங்கள் வகுப்பைத் திட்டமாட்டேன். அவர்கள் சொன்னது தப்பில்லை, உங்களுக்குப் பொருந்தாத அளவில் தைத்த சட்டை. 'நீயே உன் பிராண்ட்' என்கிற பேச்சைப் பரப்பிவிட்டது 1997ல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற அமெரிக்கப் பத்திரிகையில் டாம் பீட்டர்ஸ் எழுதிய ஒரு கட்டுரை. அது அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்காக எழுதியது. கம்பெனி மாறினாலும் உன் திறமைக்கு ஒரு பெயர் இருக்கட்டும் என்பது அதன் சாரம். தன் திறமையையே விற்கிற டிசைனருக்கு, டாக்டருக்கு, வக்கீலுக்கு அது சரி. நீங்கள் விற்பது பூண்டு. ரீலைப் பார்த்த 21 லட்சம் பேரும் பனியைப் பார்த்தார்கள், தாத்தாவைப் பார்த்தார்கள். வீட்டில் பூண்டு தீர்ந்துவிட்டது என்று யாரும் ரீல்ஸ் பார்க்க வருவதில்லை.

திருடிய வீடியோவுக்கு: எடுத்தவர் நீங்கள் என்பதால் காப்புரிமை உங்களுடையது. இன்ஸ்டாகிராமிலேயே காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது, அதில் உங்கள் பதிவின் இணைப்பையும் அவருடையதையும் கொடுங்கள். போனில் இருக்கும் அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள். இனிமேல் பக்கத்துப் பெயரை மூலையில் போடாமல் படத்தின் நடுவில், அப்பாவின் கட்டு மேலேயே மங்கலாகப் போடுங்கள். மூலையில் இருப்பதை வெட்டிவிடுவார்கள்.

தினமும் போடுவது பற்றி எங்கள் ஆபீசிலேயே சண்டை நடக்கும். நான் பதில் சொல்லவில்லை.

---

பழனிமலை வேன், கொடைக்கானல்:

தங்கச்சி, நான் பெருமாள்மலைக்காரன், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். ஒரு காலத்தில் நானும் பிரபலம்தான், சிரிக்காதீர்கள். டிக்டாக்கில் 82,000 பேர். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே பழைய பாட்டுக்கு வாயசைப்பேன். (அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது, அது வேறு கதை.) மலைக்கு வருகிறவர்கள் "அண்ணா நீங்கதானா!" என்று செல்ஃபி எடுப்பார்கள். 2020 ஜூன் 29 ராத்திரி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. 82,000 பேரில் ஒருத்தர் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அரசாங்கத்தைச் சொல்லிக் குற்றமில்லை, வாங்கி வைக்காதது நான். கொரோனா வேறு, வண்டி பத்து மாதம் நின்றது. கடைசியில் கூப்பிட்டது யார் தெரியுமா? சிவகாசிக் குடும்பம் ஒன்று. 2016ல் அவர்கள் பாட்டிக்கு வளைவில் வாந்தி வந்தபோது எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். குடும்பத்தின் ஊர், நம்பர், யாருக்கு வாந்தி வரும், யாருக்கு எந்த ஹோட்டல் சாப்பாடு பிடித்தது, எல்லாம் எழுதுவேன். 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் வந்தபோது அந்த நோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் எப்படி எடுப்பது என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். அந்த மே மாதம் வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

உங்களிடம் 43 பேர் விலாசமும் நம்பரும் இருக்கிறதே! வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரே ஒரு விஷயம், அவர்கள் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் ஒரு சீட்டுப் போட்டு "இந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த பூண்டு பிடுங்கும்போது சொல்கிறோம்" என்று எழுதுங்கள்.

காட்டுக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு முள்வேலி போடுங்கள். இதற்கெல்லாம் பிராண்ட் உதவாது.

---

கொழுந்துக்கூடை, கோத்தகிரி:

வயதுக்கு நீ என் மகள் மாதிரி, ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே கண்ணு. மற்றவர்கள் ரீச், லிஸ்ட் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் முகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டே முக்கால் ஏக்கர் தேயிலை. பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2014ல் கையால் தேயிலை செய்யக் கற்றுக்கொண்டேன். மொட்டும் இளம் இலையும் மட்டும் பறித்து, நிழலில் வாட்டி, மூங்கில் தட்டில் உருட்டிக் காயவைப்பது. நாலரைக் கிலோ பச்சை இலை காய்ந்தால் ஒரு கிலோ தேறும். ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ செய்துவிட்டால் ராத்திரி கையைத் தூக்க முடியாது. ஆனால் ருசி இருக்கிறதே, அதிலும் டிசம்பர், ஜனவரி உறைபனி நாளில் பறித்த இலை! சரி, அதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.

2017ல் பாக்கெட் அச்சடித்தோம். எங்கள் காட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு பாட்டி உண்டு. முகம் பூராவும் கோடு, சிரித்தால் கண் மூடிவிடும். மலை சுற்ற வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்த படம் ஒன்று இருந்தது. பாக்கெட் வரைந்த தம்பி அதைப் பார்த்ததும் "அக்கா, இந்த முகம்தான் உங்க பிராண்ட்" என்றான். பாட்டியிடம் கேட்டேனா என்றால், கேட்டேன். "படம் போடட்டுமா பாட்டி?" என்றேன், "போடு போடு" என்று சிரித்தார். எதில், எத்தனை, எந்த ஊருக்குப் போகும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பது போல ஒன்று என்று அவர் நினைத்திருக்கலாம்.

நன்றாக விற்றது. ஃபேஸ்புக்கில் தேயிலையைப் பற்றி ஒருத்தர் எழுதினால் பாட்டியின் சிரிப்பைப் பற்றிப் பத்துப் பேர் எழுதுவார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவருடைய பேரன் கோயம்புத்தூரில் ஒரு கடையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறான். 100 கிராம் 450 ரூபாய். வாங்கிக்கொண்டு வந்து பாட்டி கையில் கொடுத்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் இலை எடை போடும்போது எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு மடியில் இருந்து அதை எடுத்தார். கோபமே இல்லை. "அம்மணி, இலைக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி குடுக்கறே. மூஞ்சிக்கு என்ன கூலி?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவசரமாக, ஒரு பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் தருகிறேன் பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தேயிலை தீந்ததும் இந்தக் கவரை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். என்ன பண்ணுவார்கள், கசக்கிக் குப்பையில் போடுவார்கள். நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது. "அப்ப காசு வேண்டாம். எடுத்துடு" என்றார்.

கையிருப்பில் 2,000 பாக்கெட் இருந்தது. எரித்தேன். 14,000 ரூபாய்ச் சாம்பல். இப்போது என் பாக்கெட்டில் படமே கிடையாது. பறித்த தேதி, அன்றைக்கு என்ன வானிலை, இரண்டும் பேனாவால் எழுதுகிறேன். 'ஜனவரி 9, விடியலில் உறைபனி' என்று. இதனால் விற்பனை கூடியது என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. கடைகளில் பாதியாகக் குறைந்தது, அது திரும்பவே இல்லை. தபாலில் வாங்குகிற நூற்றுச் சொச்சம் குடும்பங்களை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அந்தப் பாட்டி இன்னும் பறிக்கிறார், முன்னைவிட என்னை அதிகம் அதட்டுகிறார்.

உன் அப்பாவிடம் நீ என்ன கேட்டாய்? 'எடுக்கட்டுமா' என்றா? இல்லை, 21 லட்சம் பேர் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், ஒருத்தன் திருடுவான், காட்டுக்குள் ஆள் இறங்கும் என்றா? உனக்கே அப்போது தெரியாது, அதனால் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது தெரியும் அல்லவா, இன்னொரு முறை கேள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கேள்.

தினமும் போடுவதைப் பற்றி: தேயிலைச் செடி பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் கொழுந்து விடும். நான் பறிக்கிற நாளில் மட்டும் படம் போடுவேன். பூண்டு தினமும் ஏதாவது செய்கிறதா என்ன?

---

ஓய்வு பெற்ற தோட்டக்கலை, பழனி:

சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது அதே வருடம்தான். அந்தப் பெயர் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை, அந்தப் பகுதியில் விளைவிக்கிறவர்கள் எல்லோருக்கும் பொது. வேறு ஊர்ப் பூண்டுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்பது 1999ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நீங்கள் அந்தக் குறியீட்டை முறைப்படி பயன்படுத்த வேண்டுமானால் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று அப்பா பெயரில் பதிய வேண்டும். ஒரு படிவம்தான். நம் ஆட்கள் செய்யாமல் விட்டுவிட்டு, கீழே விற்கிறவனை மட்டும் திட்டுகிறார்கள்.

உங்கள் பக்கத்துக்கு வைத்திருக்கிற பெயர் வேறு. அதை வணிக முத்திரையாகப் பதியலாம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இதைச் சொல்கிறேனே தவிர, 43 பார்சலுக்கு இப்போதே அவசரமில்லை. முதலில் குறியீட்டுப் பதிவைச் செய்யுங்கள்.

சொந்தக் காட்டுப் பூண்டை விவசாயி அப்படியே விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவைப்படாது. ஊறுகாய், பொடி என்று போனால் 14 இலக்க எண் வாங்கியாக வேண்டும்.

அந்த ரீலை இப்போது போய்ப் பார்த்தேன். ஹேஷ்டேக்குகளில் 'ஆர்கானிக்', 'மருந்தில்லாவிவசாயம்' என்று இரண்டு இருக்கின்றன. சான்று இருக்கிறதா? விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் சான்று கொடுக்கிற பிஜிஎஸ் குழுவிலோ, வெளி நிறுவனம் வந்து சோதித்துச் சான்று தருகிற என்பிஓபி முறையிலோ பதிந்திருக்கிறீர்களா? நான் பூம்பாறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். ஈரக் காற்றில் இலைக்கருகல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். மருந்தே தொடாமல் இரண்டு போகம் எடுக்கிறவர் இருந்தால் நான் நேரில் வந்து கும்பிடுகிறேன்.

2019ஆம் வருட நுகர்வோர் சட்டம் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம் என்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் அதைப் படித்துவிட்டு யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

---

திருநகர் சமையல்கட்டு, மதுரை:

அந்த 9 பேரில் நான் ஒருத்தி என்று நினைக்கிறேன். நான் இன்ஸ்டாகிராமிலேயே இல்லை. என் நாத்தனார் மகள் அனுப்பி வாங்கினேன். அப்பா முகம் எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்ததும் அடுப்படி பூராவும் ஒரு புகை வாசம் வந்தது, எங்கள் ஆச்சி வீட்டுப் பரண் வாசம். மருமகளுக்குப் பிள்ளை பிறந்த நேரம், பூண்டுக் குழம்பும் பால் பூண்டும் அதில்தான் வைத்தேன். பல் சிறிசு, உரிக்கக் கை வலிக்கும், ஆனால் நாலு பல் போட்டால் கடைப் பூண்டு பத்துப் பல்லுக்குச் சமம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பியிருந்தீர்கள், வேர்த்துப்போய் அடியில் ஒரு கட்டு பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைச் சொல்ல நம்பர் தேடினால் பெட்டியில் எங்கும் நம்பர் இல்லை. வேன் தம்பி சொன்ன சீட்டைப் போடுங்கள்.

---

பூண்டுக்காட்டுப் பொண்ணு, பூம்பாறை:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கோத்தகிரி அக்கா சொன்னபடி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அப்பா களை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து எடுத்தேன். முகத்தைப் பற்றிக் கேட்பதற்காகத்தான் போனேன், ஐயா எழுதியது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் வாயில் வந்தது வேறு. "அப்பா, நம்ம பூண்டுக்கு மருந்தே அடிக்கலைன்னு நான் போட்டது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஊருக்கே தெரியும்."

அந்த ரீல் வந்த வாரம், டீக்கடையில் மேல்காட்டுக்காரர் போனைத் தூக்கிக் காட்டி, "போன மாசம் என்கிட்ட ஸ்பிரேயர் வாங்கிட்டுப் போனது யாரு, உங்க அண்ணனா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தவர், பிறகு போகவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஆசையாகச் செய்கிறேனாம், கெடுக்க வேண்டாம் என்று இருந்தாராம். ஒரு போகத்துக்கு இரண்டு தடவை அடிப்பார். ஹேஷ்டேக் பட்டியலை நான் படித்துப் பார்க்காமல் ஒட்டினேன் என்று எப்படி அவரிடம் விளக்குவது? ஹேஷ்டேக் என்றால் என்ன என்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"மூஞ்சி வேண்டாமாப்பா?" என்று கடைசியில் கேட்டேன். "மூஞ்சி இருந்தா இருக்கட்டும். ரெண்டு தடவ அடிச்சேன்னு எழுது" என்றார்.

ராத்திரி அந்த ரீலை எடுத்துவிட்டேன். நல்லவள் மாதிரி எழுதுகிறேன், உண்மையில் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஹேஷ்டேக்கை மட்டும் மாற்றலாமே என்றுகூட நினைத்தேன். அந்த இசையும் பனியும் சேர்ந்து சொல்வதும் அதே பொய்தான் என்று பட்டது. திருடியவர் மேல் புகார் கொடுத்தேன், அவருடையதையும் தூக்கிவிட்டார்கள். நாலாம் நாள் இன்னொரு பக்கத்தில் வந்துவிட்டது. மறுபடி கொடுத்திருக்கிறேன்.

புதிதாக ஒன்று போட்டேன். அப்பா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஸ்பிரேயரை வைத்துக்கொண்டு, எந்த மருந்து, எத்தனை மில்லி, எப்போது அடித்தார், பிடுங்குவதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தினார் என்று சொல்கிறார். குல்லாவைக் கழற்றிவிட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தார், அதை நான் சொல்லவில்லை, அவராகச் செய்தது. 1,900 பேர் பார்த்தார்கள். 'விஷ வியாபாரி' என்று ஒருத்தர் எழுதினார். 300 பேருக்கு மேல் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். பழைய ஆட்கள் நாலு பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அதில் ஒருத்தர் தேனியில் பூண்டு வைக்கிறவராம், இலைக்கருகலுக்கு எந்த நேரத்தில் அடிப்பது என்று அப்பாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அப்பா அவருக்கு விதைப்பூண்டு ஒரு கிலோ இனாமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கணக்கில் எதில் எழுதுவது?

கிண்டிப் படிவத்தை எடுத்துவிட்டேன், நிலப் பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் சிக்கல். ஐயா, அது பற்றித் தனியாகக் கேட்கிறேன்.

மதுரை அம்மா, அந்தக் கட்டுக்குப் பதில் அடுத்த பார்சலில் இரண்டு வைக்கிறேன். இனிமேல் வலைப்பையில்தான் அனுப்பப்போகிறேன். இரண்டு கிலோவுக்குத் தாளோடு அடங்குகிற அளவில் வலைப்பை வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா? நான் பார்த்ததெல்லாம் ஐந்து கிலோ வெங்காயப் பையாக இருக்கிறது. அப்பா நாலரைக்குக் கிளம்பிவிட்டார், கடையில் விசாரிக்கிறேன் என்றார்.